அக்கா இத்தாலியில் படித்த வருடம்

என் அக்கா எதற்காக இத்தாலிக்குப் போனாள் என்பதை அப்பாவால் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. கோயிலில் யாராவது விசாரித்தால், "படம் படிக்கப் போயிருக்கிறாள்" என்பார். "என்ன படம், சினிமாவோ?" என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். கோயில் சுவர்களில் கீறிய பழைய ஓவியங்கள், அதைக் கீறியவர்கள், அவர்கள் பேசிய மொழி என்று அப்பா தொடங்கும்போதே கேட்டவரின் கண் வேறெங்கோ போய்விடும். இரண்டொரு மாதத்தில் அப்பா களைத்துப்போய், "சட்டம் படிக்கிறாள்" என்று சொல்லத் தொடங்கினார். அதற்குப் பிறகு கேள்விகள் நின்றன.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நோர்பரியில் ஒரு கடைக்கு மேலே இருந்த வீட்டில் நாங்கள் இருந்தோம். அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட் வேலை. எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபது. அண்ணை அவளைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் எங்களோடு இல்லை. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டபோது, சோதினை எழுதிவிட்டு வருகிறேன் என்று பெரியப்பா வீட்டில் நின்றுகொண்டார். பிறகு சண்டையில் பாதை பூட்டிவிட்டது. விசாவில் பிள்ளை என்று சொல்லிக் கூப்பிடக்கூடிய வயதும் தாண்டிவிட்டது. அப்பா அவருக்காகக் குரோய்டனில் இருந்த பிரிட்டிஷ் குடிவரவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். எனக்கு அண்ணையின் முகம் சரியாக நினைவில்லை. முன்னறைச் சுவரில் தொங்கிய படத்தில் இருந்தவர்தான் எனக்கு அண்ணை.

அக்காவின் பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழியும் ஓவியமும் படிப்பவர்கள் மூன்றாவது வருடத்தை அங்கேதான் கழிக்கவேண்டும். அப்பா முதலில் மறுத்தார். குமர்ப்பிள்ளையைத் தனியே அனுப்பிவிட்டு ஊருக்கு என்ன சொல்வது என்றார். கொழும்புக்கு வந்த ஒருவரிடம் அண்ணை சொல்லி அனுப்பிய செய்திதான் அவரை அசைத்தது. "அவளை விடுங்கோ அப்பா. எங்கட வீட்டில ஒராள் எண்டாலும் வடிவான ஒண்டைப் படிக்கட்டும்." அப்பா அதைப் பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு அக்காவுக்கு ஒரு தடித்த குளிர்ச்சட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அதுதான் சம்மதம்.

புளோரன்சிலிருந்து அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். அம்மா ரிசீவரைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்பாள். பக்கத்தில் காதை ஒட்டிக்கொண்டு நானும் கேட்பேன். அந்த ஊர் பேக்கரிப் பாணில் உப்பே போடுவதில்லை என்று அக்கா சொன்னபோது, ஆஸ்பத்திரியில் கொடுப்பதைப் போலவா என்று அம்மா கவலைப்பட்டாள். வீட்டுக்காரக் கிழவி, ஸ்பகட்டியை முறித்துப் பானையில் போட்டதற்காக அக்காவைத் திட்டியிருந்தாள். தக்காளிக் குழம்பில் போடும் இலை துளசியைப்போலவே மணக்கும் என்றாள் அக்கா. துளசியைக் கறிக்குப் போடுவது பாவம் என்றாள் அம்மா. பின்னேரமானால் சனமெல்லாம் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வீதியில் சும்மா நடக்கிறது என்றும் அக்கா சொன்னாள்.

"என்ன, திருவிழாவோ?"

"இல்லை அம்மா. ஒவ்வொரு நாளும்."

அம்மா அன்று வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். வேலைவெட்டி இல்லாமல், ஷெல் விழும் என்ற பயமில்லாமல், பின்னேரம் வீதியில் நடப்பதற்கென்றே உடுத்துகிற சனங்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அவளுக்கு நல்ல பகிடியாக இருந்தது.

மாசி மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. எங்கள் ஊரிலிருந்து கடல்நீரேரியைக் கடந்து தப்பி வந்த ஒருவர் பேசினார். தைப்பூசத்துக்கு அடுத்த நாள் விமானம் குண்டு போட்டதாகவும், சைக்கிளில் போய்க்கொண்டிருந்த அண்ணை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டதாகவும், பெரியப்பாவே கொள்ளி வைத்ததாகவும் சொன்னார். அப்பா "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றார். பிறகு அவருக்கு நன்றி சொன்னார். அதன் பிறகுதான் அம்மாவைக் கூப்பிட்டார்.

வீடு நிறையச் சனம் வந்தது. சுவரில் இருந்த படத்துக்கு மாலை போட்டு, கீழே விளக்கு வைத்தார்கள். செத்தவீட்டுத் துடக்கு என்றார்கள்; செய்தி கேட்ட நாளிலிருந்து எண்ணி முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடியும்வரை மச்சம் மாமிசம் தொடக்கூடாது, மரக்கறி மட்டும்தான் என்றார்கள். அக்காவுக்கு மட்டும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று அப்பா முடிவெடுத்தார். அவளுக்கு அப்போது சோதினைக் காலம். அங்கே சோதினை என்றால் பேராசிரியருக்கு முன்னால் போய் உட்கார்ந்து வாயால் பதில் சொல்லவேண்டும். ஈஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்கு வருவாள்தானே, அப்போது பக்கத்தில் இருத்திச் சொல்லலாம் என்றார். வந்திருந்தவர்கள் எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவே தொலைபேசியை எடுத்தார். "ஓம் பிள்ளை, எல்லாரும் சுகம். அம்மா குளிக்கிறா. நீ படி." எனக்கு அப்பாவைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. பொய் சொன்னால் எனக்கு அடி விழும் வீடு அது.

அக்கா ஈஸ்டருக்கு வந்தாள். முப்பத்தொன்று இன்னும் முடியவில்லை. அன்று காலையிலேயே அம்மா மாலையைக் கழற்றி, விளக்கை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, அண்ணையின் படத்தை வெறுமையாகச் சுவரில் விட்டாள். எனக்கு வாயைத் திறக்கவே கூடாது என்று கட்டளை. ஒரு நேரச் சாப்பாடாவது பிள்ளை நிம்மதியாகச் சாப்பிடட்டும், விடிந்தபின் சொல்வோம் என்று அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டார்கள்.

அவள் மெலிந்து, கறுத்து, அழகாக வந்திருந்தாள். தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தாள். வேறு நாளாக இருந்திருந்தால் அதற்கே ஒரு கிழமை சண்டை நடந்திருக்கும். இன்றைக்குச் சமையல் என்னுடையது என்று அக்கா அறிவித்தாள். பைக்குள்ளிருந்து கல் மாதிரி ஒரு சீஸ் கட்டியும் எண்ணெய்ப் போத்தலும் வெளியே வந்தன. கடைக்கு ஓடிப்போய் அரைத்த இறைச்சியும் தக்காளியும் வாங்கி வந்தாள். வெங்காயத்தை மெதுவாக, மிக மெதுவாக வதக்கவேண்டும், அவசரப்பட்டால் கிழவி கரண்டியால் அடிப்பாள் என்று சொல்லிச் சிரித்தாள். வீடு முழுக்க இறைச்சி மணந்தது. எனக்கு வாயூறியது, பயமாகவும் இருந்தது.

மேசையில் எல்லோருக்கும் முன்னால் அவள் ஸ்பகட்டியைக் குவித்து, மேலே இறைச்சிக் குழம்பை ஊற்றினாள். நான் அம்மாவைப் பார்த்தேன். மச்சம் தொடக்கூடாது என்று எனக்கு முட்டைகூடத் தராதவள் அம்மா. அவள் கரண்டியை எடுத்துச் சாப்பிட்டாள்.

"எப்பிடி அம்மா?"

"நல்லாயிருக்கு பிள்ளை."

அக்கா இன்னும் ஒரு கரண்டி போட்டாள். அதையும் அம்மா சாப்பிட்டாள். அப்பா தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. சாப்பாட்டின் உப்பில் ஏதோ பிழை கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அக்கா நினைத்துக் கவலைப்படக்கூடாதே என்று நான் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன்.

பிறகு தான் கொண்டுவந்த படங்களை அவள் மேசையில் பரப்பினாள். தேவாலயச் சுவர்களின் நீலமும் பொன்னும். ஒவ்வொன்றாக எடுத்து, இது ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் கீறியது, இந்த நீலத்தை ஒரு கல்லை அரைத்து எடுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். கண்கள் மின்ன அவள் அப்படிப் பேசி நான் அதற்கு முன் கண்டதில்லை. அதில் ஒரு படத்தில் ஒரு தாய் இறந்துபோன வளர்ந்த மகனை மடியில் கிடத்தியிருந்தாள். அக்கா அதை அம்மாவிடம் நீட்டினாள்.

"பாருங்கோ அம்மா, அவள் அழேல்ல. வாய் மட்டும் கொஞ்சம் திறந்திருக்கு. கீறினவன் அதோட நிப்பாட்டியிருக்கிறான். அதுதான் அவன்ர கெட்டித்தனம்."

அம்மா அந்தப் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இவளின்ர கையில பிள்ளையைக் குடுத்திருக்கினம்" என்றாள்.

அப்பா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். அக்காவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நீங்கள் எங்கட வகுப்புக்கு வரவேணும் அம்மா. இதை எங்களில ஒருதரும் சொல்லேல்ல" என்றாள்.

விடிந்தபின் அவளை முன்னறைக்குக் கூப்பிட்டார்கள். என்னைப் படுக்கையறைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அக்கா கத்துவாள் என்று நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். சத்தம் வரவில்லை. கையை எடுத்துவிட்டுக் கேட்டேன். அவள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எண்டைக்கு? எந்த நாள்?"

அப்பா நாளைச் சொன்னார். அன்று அவள் வகுப்புப் பிள்ளைகளோடு சியன்னா என்ற ஊருக்குப் போயிருந்தாள். சரிந்து கிடக்கும் ஒரு பெரிய சதுக்கத்தில் குளிர்கால வெயிலில் படுத்திருந்து தோடம்பழம் தின்றிருக்கிறார்கள். அங்கே எடுத்த புகைப்படத்தை அவளே அனுப்பியிருந்தாள். பல் எல்லாம் தெரியச் சிரிக்கும் அந்தப் படம் எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது.

"அண்டைக்கு நாங்களும் ஹவுன்ஸ்லோவில பிறந்தநாள் வீட்டில கேக் தின்னுகொண்டுதான் நிண்டனாங்கள்" என்றாள் அம்மா. "ஆருக்குப் பிள்ளை தெரியும்?"

"அது தெரியாமல். தெரிஞ்ச பிறகு? எத்தனை தரம் போன் எடுத்தனான்? சுகம், சுகம் எண்டியள். நான் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சன். நேற்று உங்கட கோப்பையில இறைச்சியைப் போட்டனான். நீங்கள் பேசாமல் திண்டியள். இனி நீங்கள் சுகம் எண்டால் நான் எப்பிடி நம்புறது?"

சோதினை முடியட்டும் என்று பார்த்தோம், அவன்தானே உன்னைப் படிக்க விடச் சொன்னவன் என்றார் அப்பா. அதைக் கேட்டபிறகுதான் அக்கா கத்தினாள்.

அவள் திரும்பிப் போகமாட்டேன் என்றாள். அண்ணையின் பெயரைச் சொல்லியே அப்பா அவளை மறுபடி ரயில் ஏற்றினார். பிற்காலத்தில் படிப்பை முடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் இத்தாலிய மொழியைக் கற்பித்தாள், இன்றும் கற்பிக்கிறாள். ஓவியங்களைப் பற்றி எங்களோடு அவள் கதைத்தது அந்த ஒரு சாப்பாட்டு மேசையோடு சரி.

ஈஸ்டருக்குப் பிறகு அவளுடைய ஞாயிற்றுக்கிழமை அழைப்புகள் மாறிவிட்டன. பாண் இல்லை, கிழவி இல்லை, வீதியில் நடக்கும் சனம் இல்லை. அம்மா கதைக்கட்டும் என்பாள், குரலைக் கேட்டதும் அப்பா கதைக்கட்டும் என்பாள், பிறகு என்னை. அம்மா குளிக்கிறாள் என்றால் குளித்துவிட்டு வரும்வரை லைனிலேயே நிற்பாள். பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்புக்குப் பதில் சொல்வதுபோல நாங்கள் ஒவ்வொருவராகப் போய் "ஹலோ" சொன்னோம். எனக்கு அது பெரிய அலுப்பு.

வைகாசியில் ஒரு ஞாயிறு. யாரோ வராததால் அப்பாவை ஷிப்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா அறைக்குள் இருந்தாள். அந்த நாட்களில் அவள் அடிக்கடி கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள், அது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

"அப்பாவைக் கூப்பிடு" என்றாள் அக்கா.

"அப்பா இல்லை."

"அம்மா?"

"அம்மா அறைக்குள்ள அழுறா."

லைன் அறுந்துவிட்டது. நான் ரிசீவரை வைத்துவிட்டுக் கார்ட்டூன் பார்க்கப் போனேன். அக்கா எடுத்தாள் என்று அம்மாவிடம் சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கதவு மணி அடித்தது. வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த அப்பா, பெற்றோல் ஸ்டேசன் சட்டையோடு கீழே இறங்கிப்போய்க் கதவைத் திறந்தார். நான் அவருக்குப் பின்னால் படியில் நின்றேன். வாசலில் அக்கா நின்றாள். கையில் பை இல்லை. ரயிலிலும் கப்பலிலும் உட்கார்ந்தே வந்த முகம். அப்பாவைக் கண்டதும் அவள் ஓரடி பின்னுக்கு வைத்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டி அவருடைய முகத்தை, தோளை, சட்டைப் பொத்தான்களைத் தடவிப் பார்த்தாள். அப்படியே வாசற்படியில் இருந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள். தொலைபேசியில் நான் சொன்னதை அக்கா சொல்லி, என்ன நடந்தது என்று விளங்கியபோது தலையில் அடித்துக்கொண்டாள். "வழியில எத்தினை இடத்தில போன் இருக்கு. ஒருக்கா எடுத்துக் கேட்டிருக்கலாமே பிள்ளை!"

"கேக்கப் பயமாயிருந்தது" என்றாள் அக்கா.

அப்பாவும் வாசற்படியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். இருவரும் அழுதார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்மேல் ஏதோ வீண்பழி விழப்போகிறது என்று நினைத்து, நான் அக்காவிடம் கோபத்தோடு சொன்னேன்.

"நான் பொய் சொல்லேல்ல. அண்டைக்கு அப்பா உண்மையாவே இல்லை."