பாயில் சிந்திய அப்பம்

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மிஞ்சிய அப்பத்தைப் பிள்ளைகளுக்குப் பிட்டுக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் கணக்கில் அதில் தப்பு ஒன்றும் இல்லை. கர்த்தருடைய மரணத்தை நினைவுகூர்ந்து அப்பம் பிட்டாயிற்று. மிஞ்சியது ஓசூர் ரொட்டிக்கடை ரொட்டி. காலையிலிருந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தின்றுவிட்டுப் போகட்டும் என்பார் என் மாமனார். அவர்தான் சபையின் மூப்பர். மாடுகளுக்கு லாடம் அடிக்கிற வேலை அவருக்கு. மத்திகிரியில் அவர் வீட்டுக் கூடத்தில்தான் சபை கூடும்.

எல்லோரும் எழுந்த பிறகு, பாயைச் சுருட்டுகிறேன் என்று சொல்லி நான் பின்தங்குவேன். பாயின் பின்னலுக்குள் கிடக்கும் துணுக்குகளை விரல் நுனியால் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வேன். யாராவது பார்த்துவிட்டால், “எறும்பு வரும்” என்பேன்.

நான் பிறப்பால் கத்தோலிக்கன். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். முதல் நன்மை, அதாவது பூசை அப்பத்தை முதன்முதலாக, வாங்குவதற்கு முன்னால் எங்கள் ஊர் உபதேசியார் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, நாக்கை எப்படி நீட்ட வேண்டும், எப்படிப் பல்லில் படாமல் விழுங்க வேண்டும் என்று பழக்குவார். பூசையில் சாமியார் கையில் அந்த அப்பம் ஆண்டவரின் உடம்பாகவே மாறிவிடுகிறது, தவறிக் கீழே விழுந்துவிட்டால் சாமியாரைத் தவிர ஒருவரும் தொடக்கூடாது, விழுந்த இடத்தை அவரே கழுவ வேண்டும் என்பார். அந்த வயதில் காதில் ஏறியது உடம்பில் தங்கிவிடுகிறது.

பிறகு ஏன் சாமியாரும் பூசையும் இல்லாத இந்தச் சபைக்குப் போனேன் என்று கேட்பீர்கள். மத்திகிரிக் கால்நடைப் பண்ணையில் பால் கறக்கும் வேலை கிடைத்து நான் வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஓசூர்ச் சந்தையில் ஒருநாள் கோலார் தங்கவயலிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் வேதப் புத்தகத்தைத் திறந்து, காணாமல்போன ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனைப் பற்றித் தமிழில் வாசித்தார். காய்கறி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடியே கேட்டேன். அதுவரை எனக்குத் தெரிந்த பூசை லத்தீனில் இருந்தது. சாமியாரின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆண்டவர் என்னிடம் என் பாஷையில் பேசியது அன்றைக்குத்தான். மாடு மேய்க்கிறவனுக்கு அந்தக் கதை புரியாமல் போகுமா?

சபையார் என்னை உட்காரவைத்து, வரிக்கு வரி விரல் வைத்து வேதம் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஏரியில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மூப்பர் தம் மகளையே எனக்குக் கொடுத்தார். தாலி இல்லை, மாலை இல்லை; வெள்ளைச் சேலை, ஒரு ஜெபம், கேசரி. இதையெல்லாம் நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் ஒருவனாகவே இருந்தேன்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. என் கடைசி மகளுக்குக் கொடுத்த அப்பத்துண்டை அவள் வாசலில் மேய்ந்த கோழிக்குப் போட்டுவிட்டாள். சேவல் ஒன்று கொத்திக்கொண்டு ஓடியது. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கையிலிருந்த வேதப் புத்தகத்தை மனைவியிடம் திணித்துவிட்டுச் சேவலைத் துரத்தினேன். வேலியோரம் மடக்கிப் பிடித்து, அலகைப் பிளந்து, இருந்ததைப் பிடுங்கி நானே தின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் சபை முழுவதும் வாசலில் நிற்கிறது. வேட்டியெல்லாம் முள். கையில் சேவல்.

“என்னங்க மாப்ள, கோழி வாயில இருக்கறதையா புடுங்கித் திங்கறீங்க? எம் பொண்ணு சோறு போடறதில்லையா?” என்று மாமனார் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். பிறகு அவர் பக்கத்தில் வந்து, என் தோளில் கை வைத்து, மெதுவாகக் கேட்டார்.

“அது வெறும் ரொட்டிதான மாப்ள?”

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தெரியும். ‘ஆமாம்’ என்று ஒரு சொல். எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பண்ணையில் எனக்கு அடுத்த கொட்டகையில் கறக்கிறவன், அவன் கத்தோலிக்கக் கோயில்காரன், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “ஏம்பா, கோழிக்கு ஞானஸ்நானம் குடுத்தியாமே? முழுக்கா, தெளிப்பா?” என்று கேட்டான். கறந்து முடித்த பிறகு, “உங்க சாமியார் எப்ப வருவாரு?” என்று கேட்டேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

இது என்னையும் ஆண்டவரையும் பொறுத்த விஷயம் மட்டும் என்றால் அன்றைக்கே கோயிலுக்குத் திரும்பியிருப்பேன். ஆனால் மாமனார் அந்த வாரமே வீட்டுக்கு வந்து தெளிவாகச் சொல்லிவிட்டார். “நீங்க மாதா சுரூபத்துக்கு முன்னாடி போயி முட்டி போடறதுன்னா போடுங்க. எம் பொண்ணையும் பேரப்புள்ளைங்களையும் எங்கூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுவன்.” கோபமாகச் சொல்லவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னார். அவர் விசுவாசம் பொய்யில்லை. மனைவி அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். போனால் குடும்பம் போகும். போகாவிட்டால், ‘ஆமாம், ரொட்டிதான்’ என்று சொல்லி மீதி ஆயுளையும் கழிக்க வேண்டும்.

சாமியார் சைக்கிளில் வருகிறவர். எங்கெங்கோ சுற்றிவிட்டு மாதத்துக்கு ஒரு முறை மத்திகிரிக்கு வருவார். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒரே வேகத்தில் திட்டுவார். கோயில் மரத்தடியில் சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேவல் கதையையும் விடவில்லை. கிரீஸ் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

“உங்க மாமனார் சொன்னது சரிதானே,” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அங்க குருவானவர் இல்ல, பூசை இல்ல. அது ரொட்டிதான். அந்தச் சேவல் ஒரு பாவமும் பண்ணல.” கையைத் துடைத்துக்கொண்டார். “ஆனா நீ அதுல தேடுனது ரொட்டிய இல்ல. நீ தேடுறது இருக்கற இடம் உனக்குத் தெரியும். தெரிஞ்சுகிட்டே இத்தன வருஷமாப் பாயில தேடிக்கிட்டு இருக்க.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்கு அதற்குமேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. அந்த மரத்தடியிலேயே முடிவு செய்துவிட்டேன். திரும்பி வருகிறேன் என்றேன்.

“வேதப் புத்தகத்த விட்டுட்டு வரணுங்களா சாமி?” என்று கேட்டேன். எனக்கு இருந்த பெரிய பயம் அதுதான்.

“எதுக்கு விடணும்? நம்ம கோயில்ல எத்தன பேரு வாசிக்கறான்? நீ வந்து வாசிக்கக் கத்துக்குடு. புத்தகம் மட்டும் நான் குடுக்கற நம்ம திருச்சபைப் பதிப்பா இருக்கணும்,” என்றார். பிறகு மறைமாவட்டத்துக்குத் தலைவரான மேற்றிராணியாருக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும் என்றும், பாவங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்றும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில் ஒன்றைச் சொன்னார். குருவானவர் முன்னால் நடக்காததால், திருச்சபையின் கணக்கில் என் கல்யாணம் கல்யாணமே இல்லை. அதை முறைப்படி நடத்த வேண்டும். மனைவி சபையிலேயே இருக்கலாம். ஆனால் பிள்ளைகளைக் கோயிலில் வளர்க்க அவள் சம்மதிக்க வேண்டும்.

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நடந்தேன். எப்படிச் சொன்னாலும் அது ஒன்றுதான். சொன்னேன். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடையைக் கீழே வைத்தாள்.

“அப்ப இத்தன வருஷம் நான் யாரு?”

“எனக்கு நீ பொண்டாட்டிதான். அவரு கணக்கு அப்படி...”

“அவரு கணக்குல இந்த மூணும் யாரு புள்ளைங்க? தபால்ல வந்துதுங்களா?”

பிறகு கொஞ்ச நேரம் தெலுங்கில் பேசினாள். அது அவள் தாய்மொழி. என்னிடம் கோபம் வந்தால் மட்டும் பேசுவாள். அவளுக்குக் கோபப்பட நியாயம் இருந்தது. சில நாட்கள் சோறு போட்டாள், பேசவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஆண்டவர் காட்டிய வழியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. அவள் வருவாளா என்பதுதான் தெரியவில்லை. கறக்கும்போதெல்லாம் அவளுக்காகவே செபித்தேன்.

ஒருநாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு அவளாகவே வந்து உட்கார்ந்தாள்.

“நீங்க பாய சுருட்டறப்ப என்னா பண்றீங்கன்னு எனக்குக் கல்யாணமான வருஷத்துலயே தெரியும்.”

“எறும்பு...”

“எறும்பாம். முட்டி போட்டு எறும்பு பொறுக்கறவர இப்பதான் பாக்கறன்.” சிரிக்கவில்லை. “எங்கப்பாகிட்ட நான் சொல்லல. சொன்னா உங்கள சபைய விட்டு வெலக்கிடுவாரு. நீங்க எதையோ தொலைச்சிட்டுத் தேடறீங்கன்னு மட்டும் தெரிஞ்சுது. எங்க ஜெபத்துல அது கெடைச்சிடும்னு பாத்தன். கெடைக்கல.”

அந்தச் சாமியாரைத் தானே பார்க்க வேண்டும் என்றாள். அழைத்துப் போனேன். கோயிலுக்குள் வரமாட்டேன் என்று மரத்தடியிலேயே நின்றுகொண்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகக் கேட்டாள்.

“தாலி கட்டணுமா?”

“கட்டறது நம்ம ஊரு வழக்கம்மா. கல்யாணம்கறது நீங்க ரெண்டு பேரும் வாயால சொல்ற சம்மதம்.”

“எனக்கு நகை வேணாம். ஆண்டவருக்கு அத விட்டுக்குடுத்தது விட்டுக்குடுத்ததுதான்.”

“சரி.”

“தெனமும் சாயங்காலம் வீட்டுல வேதம் வாசிப்பம். அது நிக்கக்கூடாது.”

“நின்னா எங்கிட்ட வந்து சொல்லு. நான் பாத்துக்கறேன்.”

கடைசியாக ஒன்று கேட்டாள். “எங்கப்பா நரகத்துக்குப் போவாருன்னு எம் புள்ளைங்களுக்குச் சொல்லித் தருவீங்களா?”

“அம்மா, நான் சைக்கிள்ல அந்த வழியாப் போறப்ப உங்கப்பா ஜெபம் பண்றது சாலை வரைக்கும் கேக்குது. எனக்கே கேக்குறது சர்வேசுரனுக்குக் கேக்காதா? அவரு தீர்ப்ப நான் எழுதமாட்டேன்,” என்றார் சாமியார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டு முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைகள் விஷயத்தில் சம்மதம் சொன்னது அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான். தகப்பனிடம் அவளே போய்ச் சொன்னாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கண் சிவந்து திரும்பி வந்து, “நம்ம வீட்டுலதான் இருப்பன். ஞாயித்துக்கெழமை அங்க போவன்,” என்றாள். மாமனார் மாதக்கணக்கில் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அது எனக்கு வலித்தது. இன்றைக்கும் வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

மேற்றிராணியாரிடமிருந்து அனுமதி வந்தது. நான் பீடத்தின் முன் முழந்தாளிட்டு, சுவிசேஷப் புத்தகத்தில் கை வைத்து விசுவாசத்தை அறிக்கையிட்டேன். பாவசங்கீர்த்தனம் செய்தேன். கல்யாணம் கோயிலுக்குள் நடக்கவில்லை. அவள் வேறு சபை என்பதால் சாமியார் உடை மாற்றும் பக்கத்து அறையில் நடந்தது. மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்கும் ஊதுபத்தி வாசனைக்கும் நடுவே நின்றோம். சாட்சிக்கு என்னோடு வேலை செய்கிறவனும் அவன் மனைவியும். சாமியார் கேட்டபோது அவள் நல்ல சத்தமாகச் சம்மதம் சொன்னாள். நான்தான் முணுமுணுத்தேன் என்று பிறகு குற்றம் சாட்டினாள்.

அடுத்த பூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிகாலைக் கறவையை முடித்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடப் படாத வாயோடு கோயிலுக்குப் போனேன். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவளும் வந்து வாசற்படிக்கு வெளியே நின்றாள். அந்தப் பூசையும் லத்தீனில்தான். சாமியாரின் முதுகுதான் தெரிந்தது. ஆனால் இந்த முறை எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கடைசி இராப்போஜனத்தைப் பற்றி நானே விரல் வைத்து வாசித்திருந்தேனே. அதைக் கற்றுக்கொடுத்தது சபைதான் என்பதையும் அங்கேயே நினைத்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னேன். மணி அடித்தது. தலை குனிந்தேன். பிறகு போய் மண்டியிட்டு நாக்கை நீட்டினேன்.

வெளியே வந்ததும் அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“எப்பிடி இருந்துச்சு? ருசி?”

“ருசி ஒண்ணும் இல்ல. காகிதம் மாதிரி.”

“அப்ப எதுக்கு இப்பிடி அழுவுறீங்க?”

“அவரு வந்திருக்காரு,” என்றேன்.

அவள் அதை நம்பினாளா என்று நான் கேட்கவில்லை. கொண்டுவந்திருந்த தூக்குவாளியிலிருந்து காப்பியை ஊற்றி நீட்டினாள். “சூடு ஆறிப்போச்சு. குடிங்க,” என்றாள். பிள்ளைகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, தகப்பன் வீட்டில் ஆராதனை தொடங்கும் நேரமாகிவிட்டது என்று வேதப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தாள்.