சேறு எங்கே?

என் மேசைமேல் ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கிறது. அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கறுப்புச் சேறு, மேலே தெளிந்த தண்ணீர். எண்ணூர் கழிமுகத்தில் எடுத்தது. இந்தக் கலீஜை எதற்கு வைத்திருக்கிறாய் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். கெமிஸ்ட் அக்கா விட்டுப்போனது. நான் இந்த நாற்காலியில் இருக்கும்வரை அதுவும் இங்கேதான் இருக்கும்.

மணலியில் இதே பரிசோதனைக் கூடத்தில் நானும் அக்காவும் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் ராயபுரம், ஆபீசுக்கு ஒரு தமிழ், வீட்டுக்கு ஒரு தமிழ் என்று வைத்திருந்தேன். திருவொற்றியூர் குப்பத்தில் பிறந்த அக்காவுக்கு ஒரே தமிழ்தான். "கஸ்டமர் முன்னாடி கொஞ்சம் நல்லா பேசும்மா" என்று மேனேஜர் ஒருநாள் சொன்னபோது, "என் பேச்சுக்கு இன்னா சார் கொறச்சல்? ரிசல்ட்டு தப்பா வந்தா சொல்லுங்க" என்றார்.

ஒரு மருந்துக் கம்பெனியின் கழிவுநீர் குழாய்வழியாகக் கழிமுகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அக்காவின் அத்தை அங்கேதான் தொழில் செய்தார். பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிற தொழில். இறால் முள் குத்துவது அவருக்குப் புதிதல்ல. ஆனால் அந்த வருஷம் குத்திய காயம் ஆறவே இல்லை. டாக்டர் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார். எதற்கும் அடங்காத கிருமி என்று கடைசியில் விரலை எடுத்துவிட்டார்கள். ஊரே திரண்டு புகார் கொடுத்தது. பரிசோதனை எங்களிடம் வந்தது.

தண்ணீரில் கிருமிக்கொல்லி மருந்து இல்லை. சேற்றையும் பார்க்கலாம் என்றார் அக்கா. வழக்கம்போல் வாலை வடிநீரில் சேற்றைக் குலுக்கி, மேலே தெளிந்ததை மிஷினில் ஏற்றினோம். அதிலும் ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடச் சொல்லி மேனேஜர் பேனாவையே நீட்டிவிட்டார். அக்கா வாங்கவில்லை. மறுநாள் ஒரு கேன் நிறையக் கடல் தண்ணீரோடு வந்தார்.

"ரூல்ல இல்லம்மா இது."

"கழிமுகத்துக்குள்ள இன்னா சார், டிஸ்டில்டு வாட்டரா ஏறுது? கடல் தண்ணிதானே ஏறுது!"

அதே சேற்றைக் கடல் தண்ணீரில் குலுக்கினோம். இந்தமுறை மிஷினில் கோடு நெட்டுக்குத்தாக எழுந்து நின்றது. மருந்து எங்கும் போய்விடவில்லை. களிமண்ணைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டி ரயிலில் சீட்டுப் பிடித்து உட்கார்ந்தவனை, ஏறுகிற கூட்டம் நெருக்கியே எழுப்பிவிடுமே, உப்பும் அப்படித்தான் களிமண்ணில் இடம் பிடித்து மருந்தைத் தள்ளிவிடுகிறது. அத்தை கைவிட்டுத் துழாவியது அந்தச் சேற்றைத்தான். அங்கே கிருமிகள் கொஞ்சங் கொஞ்சமாக மருந்து தின்று பழகிக்கொண்டிருந்தன.

குப்பத்து வலைக்கொட்டகையில் கூட்டம் நடந்தது. மேனேஜர் தண்ணீர் முடிவை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்தார். அக்கா எழுந்தார். "கடல் வத்துனப்ப எடுத்த தண்ணி சுத்தம்தான், நான் இல்லன்னு சொல்லல. சேத்துல மருந்து கீது. ஒவ்வொரு கடல் ஏத்தத்துக்கும் வெளிய வந்துகினு கீது. பார்த்தவ நான். எங்க வோணா வந்து சொல்றேன்." சொந்த அத்தைக்காகக் கோபப்படுகிறாள் என்று கம்பெனிக்காரர் முனகினார். "ஆமா, கோவந்தான். அத்த வெரலு போச்சு, கோவம் வராம?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

குழாயை அடைத்தார்கள். அக்காவின் வேலையும் போனது. கிளம்பும்போது இந்தப் பாட்டிலை என் மேசைமேல் வைத்து, "பத்தரமா வெச்சிக்க நைனா" என்றார். கண் கலங்கியது நான்தான். அவர் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

இப்போது கையெழுத்துப் போடும் இடத்தில் நான் இருக்கிறேன். போன வாரம் அதே கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். குழாயைத் திறக்க வேண்டுமாம், கழிமுகம் சுத்தமாகிவிட்டது என்று சான்றிதழ் வேண்டுமாம். பளிங்குபோல் தண்ணீர் நிரம்பிய பாட்டில்களை வரிசையாக அடுக்கினார். "வழக்கமானதுதான் சார், ஒரு கையெழுத்து" என்று சிரித்தார்.

நான் அக்காவின் பாட்டிலை எடுத்து அவர் முகத்துக்கு நேரே ஒரு குலுக்கு குலுக்கினேன். தெளிந்திருந்த தண்ணீர் முழுக்கக் கறுத்துப்போனது. ஆபீஸ் தமிழ் அன்று என் வாயில் வரவில்லை.

"தண்ணி கீது. சேறு எங்க சார்?"