சவர்லாந்தில் நான் கேட்டு வாங்கிய வெடி

ஜெர்மனியில் துப்பாக்கி சுடும் கழகத்துக்கு எப்படிப் போவது என்று இந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் போனது ஒரேயொரு தடவை, தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஐப்பசி ஞாயிறு. ஆசைப்பட்டுப் போகவில்லை. டோர்ட்மண்டில் நான் சட்டி கழுவிய உணவகத்தின் முதலாளி வால்ட்டர் விடாமல் கூப்பிட்டார். வேலை தந்த மனுசனிடம் எந்த முகத்தோடு மாட்டேன் என்பது?

நேரம்தான் சரியில்லை. என் அகதி விண்ணப்பத்துக்கான டெர்மின், அதாவது நேர்முக விசாரணை, அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை. ஊரில் ஒரு பக்கம் இயக்கம் ஆள் கேட்டது, மறுபக்கம் இராணுவம் சந்தேகத்தில் பிடித்தது. துவக்கு என்று நாங்கள் சொல்லும் துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்றுதான் ஓடி வந்தேன். என் வழக்கே அந்த ஒரு வசனத்தில்தான் நின்றது. போதாக்குறைக்கு, விண்ணப்பக்காரர் அனுமதியில்லாமல் தம் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. நான் அனுமதி எடுக்கவில்லை. சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். புத்தி அவ்வளவுதான்.

என்னோடு ஒரே வீட்டில் இருந்த மன்னார்க்காரர் அன்ரன் அண்ணையின் பழைய காரில் காலை ஒன்பதுக்குப் புறப்பட்டோம். அவருக்கு விசா இருந்தது, பயமில்லை. “பூசையை விட்டிட்டு வாறன், உனக்காகத்தான்” என்று வழி முழுக்கச் சொல்லிக் காட்டினார். சவர்லாந்து மலைப்பக்கம் ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம். மழை, பனிப்புகார், ஊசியிலைக் காடு. காட்டோரம் நீளமான ஒரு கொட்டில், அதுதான் சுடுமிடம். விருந்தினருக்குப் பத்து மார்க், மூன்று வெடி.

அங்கே காத்திருந்த வால்ட்டர் தன் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து எடுத்ததைப் பார்த்து அன்ரன் அண்ணை “அட கடவுளே!” என்றார். பெயர்தான் கைத்துப்பாக்கி. குழல் மட்டும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, மேலே தொலைநோக்கி, ஒரு தடவைக்கு ஒரே ரவை, ஒரே தோட்டா. அதுவும் கைத்துப்பாக்கி ரவையல்ல, இராணுவத்தின் பெரிய றைபிளுக்குப் போடுகிற நீட்டு ரவை. அதன் வெற்றுக்கோதுகளை எங்கள் ஒழுங்கையில் கண்டிருக்கிறேன். முழு ரவையைக் கையில் வைத்துப் பார்த்தது அன்றுதான்.

“பிடியுங்கள், கடிக்காது” என்று சிரித்தார் வால்ட்டர். பின்னால் அவருடைய கூட்டாளிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணல்மூட்டையில் குழலை வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, விசையை இழுத்தேன்.

சத்தம் என்று சொன்னால் போதாது. காதை மூடியிருந்தும் அது நெஞ்சால் உள்ளே வந்தது. றைபிளை விடக் குழல் குட்டை, வெடிமருந்தோ றைபிளுக்கானது. ஆகவே முன்னால் தாச்சிச் சட்டி அளவுக்கு ஒரு நெருப்பு. துப்பாக்கி துள்ளி என் நெற்றிக்கு மேலே போய்விட்டது. கட்டைவிரல் இடுக்கு எரிந்தது. ஊரில் இந்தச் சத்தத்துக்கு நான் எப்போதும் மறுமுனையில்தான் இருந்திருக்கிறேன், நிலத்தில், முகம் மண்ணில். இந்தப் பக்கம் நின்றால் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

முதல் வெடி எங்கே போனதோ தெரியாது. இரண்டாவது இலக்குக் கடதாசியின் ஓரம். மூன்றாவது, நூறு மீற்றருக்கு அப்பால், நடுக் கறுப்பில். எல்லாரும் கைதட்டினார்கள். வால்ட்டர் பெட்டியை மூடப் போனார்.

“இன்னொன்று தருவீர்களா?” என்று கேட்டது நான்தான்.

நாலாவதும் நடுவில் விழுந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. சீ என்று என்னை நானே ஏசிக்கொண்டேன், ஆனாலும் அந்தச் சந்தோசம் போகவில்லை.

திரும்பும்போது அன்ரன் அண்ணை காரை மெதுவாக ஓட்டினார். “தம்பி, செவ்வாய்க்கிழமை, சுட்டிருக்கிறியோ எண்டு கேட்டா, இல்லையெண்டு சொல்லு. அவை ஊரிலை நடந்ததைத்தானே கேக்கினம். அது பொய்யில்லை.”

“ஓம் அண்ணை” என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: கழகத்தில் ஆள் தெரிந்திருக்க வேண்டும், முன்கூட்டியே கேளுங்கள், அடையாள அட்டை கொண்டு போங்கள். இவ்வளவு பெரிய துப்பாக்கியில் தொடங்காதீர்கள், சின்னதில் தொடங்குங்கள். முழங்கையை விறைப்பாக வைக்காதீர்கள். விசாரணை முடியாதவர்கள், யார் கூப்பிட்டாலும், தோள் நோகிறது என்று சொல்லிவிட்டு வீட்டில் இருங்கள். என் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மேன்முறையீடு, வழக்கறிஞர் என்று வருடக்கணக்கில் அலைந்துதான் இங்கே தங்கினேன்.

அந்தச் செவ்வாய் அதிகாரி கேட்டதை, மொழிபெயர்க்க வந்திருந்த அக்கா தமிழில் சொன்னார்: “தம்பி, எப்பவாவது துவக்காலை சுட்டிருக்கிறீங்களோ?”

அன்ரன் அண்ணை சொன்ன சொல் நாக்கு நுனிவரை வந்தது.

“ஓம்.”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். “கேள்வி விளங்கினதோ?”

“விளங்கினது அக்கா. இங்கைதான், சவர்லாந்திலை. போன ஞாயிறு. மூண்டு வெடி தந்தவை. நாலாவதை நான் கேட்டு வாங்கினனான்.”

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு ஏதோ கேட்டார். அக்கா மெதுவாகச் சொன்னார்: “அப்ப ஊரிலை இருந்திருந்தா, அங்கையும் சுட்டிருப்பீங்களோ எண்டு கேக்கிறார்.”

“ஓம்” என்றேன். “அதாலைதான் அக்கா ஓடி வந்தனான்.”