வாசலில் படுத்தவள்

ஒன்பது வருடங்களுக்கு முன் தாலாய்பெக் நுர்ஜமாலை நாரின் நகரச் சந்தையிலிருந்து, கட்டாயக் கல்யாணத்துக்காக முடியைப் பிடித்துக் காரில் இழுத்துவந்தான். அவள் வெளியேறாதபடி அவன் தாய் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டாள். படுத்திருக்கும் பெரியவளைத் தாண்டுவது அங்கே சாபம். மறுநாள் ரத்தம் ஒழுக ஜன்னல் வழியேதான் நுர்ஜமால் தப்பினாள்.

இன்று அதே வீட்டு முற்றத்தில் கேமராவை நிறுத்தி, தன் கதையைத் தானே படமெடுத்தாள்.

"இந்த வீட்லதான் என் பல்லை உடைச்சு, என்னைக் கெடுத்தான்."

உள்ளேயிருந்து தாலாய்பெக் கோடரியோடு வாசலை நோக்கி வந்தான். "பெரிய சினிமாக்காரியோ? கேமராவோட உன் மண்டையையும் பொளக்கறேன்."

கிழவி வாசலில் குறுக்கே படுத்தாள்.

"எந்திரிம்மா."

"அன்னிக்கு அவளைத் தடுத்தேன். இன்னிக்கு உன்னை. தாண்டுடா, பாப்போம்."

வெறியில் அவன் நிலைக்கதவை வெட்டினான். மரச்சிம்பு தெறித்துத் தாயின் நெற்றியைக் கிழித்தது. அவள் அசையவில்லை. நுர்ஜமால் கண்ணீரோடு, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.