மஞ்சள் குடை யாருடைய யோசனை

கடைப் பொம்மைக்குச் சட்டை மாட்டுவது இரண்டு ஆள் வேலை. அந்தச் சனிக்கிழமை மகள் பொம்மையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்; அப்பா சட்டையை இறக்கினார். இடது கை மணிக்கட்டோடு கழன்று அவர் கையில் வந்தது. வாங்கிய வாரமே விட்ட விரிசல். டேப் சுற்றி ஒட்டினார். பாதி விரித்த மஞ்சள் குடையை மறுபடி அந்த முழங்கையிலேயே மாட்டி விரிசலை மறைத்தார். இயந்திரப் பொறியியல் படித்த மகள் நல்ல பசை ஒன்றைச் சொன்னாள். குடை இருக்கும்போது பசை எதற்கு என்றார். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அப்போதுதான் எதிர்த் துணிக்கடை அம்மா தெருவைக் கடந்து வந்தார்.

"அண்ணே, போன மாசம் என் பொம்மைக்குக் குடை வெச்சேன். இந்த மாசம் உங்க பொம்மைக்கும் மழை பெய்யுது."

தன் யோசனையைத் திருடிவிட்டதாக வியாபாரிகள் சங்கத் தலைவரிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்றாம். அடுத்த கூட்டத்தில் பேச்சு வருமாம். மகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆயுசு முழுக்கத் துணி விற்ற தெருவில் அப்பாவுக்குத் திருடன் என்று பெயர்.

அப்பா எதிர்க்கடைக் கண்ணாடியை எட்டிப் பார்த்தார். அங்கேயும் குடை இடது கையில். பொம்மைகளை இரண்டு கடைக்கும் விற்றது ஒரே மொத்த வியாபாரி.

எதிர்க்கடைப் பொம்மையிடமே நேரில் மன்னிப்புக் கேட்டுவிடுவதாகச் சொல்லிக் கிளம்பினார். மகளும் அந்த அம்மாவும் பின்னாலேயே ஓடினார்கள். கடையில் வாடிக்கையாளர் இல்லை என்று பார்த்துக்கொண்டார். அந்த அளவுக்கு நல்லவர். பிறகு பயபக்தியோடு குனிந்து, பொம்மையின் இடது கையைக் குலுக்கினார். கை டேப்போடு அவருடன் வந்துவிட்டது.

எதிர்க்கடை அம்மா தெருவுக்கு அப்பால் இருந்த மஞ்சள் குடையைப் பார்த்தார்.

"உங்களுதுமா?"

"என்னுதும்தான்."

மகள் உடைப்பைப் பார்த்தாள். அதே இடம், அதே காற்றுக்குமிழி. ஒரே அச்சில் வார்த்த பழுது. தன் பொம்மை மட்டும்தான் முடம் என்று நினைத்து, இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்து வந்திருக்கிறார்கள்.

"மறைக்கற புத்தி ரெண்டு பேருக்கும் தனித்தனியா வந்தது," என்றார் அப்பா. "மஞ்சள் மட்டும் உங்களுது. நாள் முழுக்க எதிர்ல நிக்குது, கண்ணை மூடிக்கிட்டா கடை நடத்துறது?"

"அப்ப பாதித் திருட்டு."

"பாதிதான். வேணும்னா கறுப்பு மாட்டிக்கறேன்."

வேண்டாம் என்று அந்த அம்மா சிரித்துவிட்டார். ஆனால் சங்கத் தலைவரிடம் புகாரைத் திரும்ப வாங்கப் போனால், தன் பொம்மைக்குக் கை இல்லாத கதையையும் சொல்ல வேண்டுமே என்று தயங்கினார். அப்பா அந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை தலைவர் வீட்டுக்குப் போய், யார் மானமும் போகாத மாதிரி ஒரு கதை கட்டிச் சொல்லிவிடுவார்.

என்ன கதை என்று மகள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நச்சரித்தாள். சொன்னால் ருசி போய்விடும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. திங்கட்கிழமை தலைவர் வீட்டுக்குப் போக அவர் இல்லை.