கடைசிப் பெட்டி புஷ்பவல்லி

பத்து வருசமாகத் தசரதனுக்குத் தன் கூடப்பிறந்த அக்கா மேல் ஒரு மனக்குறை. சின்னக் குறைதான். ஆனால் தினமும் காலை வண்டி வரும்போது அது புதுசாகிவிடும்.

தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் ரயில் அது. அக்காவும் தம்பியும் ஸ்கெலட்டன் என்கிற மைன்ஸ் குடியிருப்பில் ஒரே லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். ஒரே ஸ்டேஷனில்தான் ஏறவேண்டும். ஆனால் வண்டி வந்து நின்றதும் புஷ்பவல்லி தம்பி ஏறும் பெட்டியைத் தாண்டி, ஒரு கையால் முட்டியை அழுத்திக்கொண்டு, பிளாட்பாரத்தின் கோடி வரைக்கும் நடந்து கடைசிப் பெட்டியில்தான் ஏறுவாள். மழை பெய்தாலும் அப்படித்தான். வண்டி ஊதிவிட்டாலும் அப்படித்தான்.

"இன்னா குரு, உங்க அக்காவுக்கும் உனக்கும் பேச்சு வார்த்தை இல்லையா?" என்று ஜன்னலோரம் குந்தியிருக்கும் சைலஸ் கேட்பான். சைலஸ் அவனோடு வெல்டிங் ஷாப்பில் வேலை செய்கிறவன், யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவான்.

"அவளுக்குக் கொழுப்பு," என்பான் தசரதன்.

பெட்டியே சிரிக்கும். சிரிப்பு எதற்கு என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொல்வான்.

அந்தப் பெட்டியில் தசரதனுக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலு பேர் உட்காருவது அந்த வண்டியின் வழக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை. மூன்று பேர் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் திட்டு விழும். ஐந்தாவது ஆள் நுழைந்தாலும் திட்டு விழும். அதைப் பார்த்துக்கொள்வது தசரதன். அவன் அப்பா சின்னசாமி மைன்ஸில் பெல்லுக்காரராக இருந்தவர். சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஆட்கள் ஏறியதும் மூன்று பெல் அடிப்பார். அப்போதுதான் கேஜ் ஷாப்ட்டுக்குள் இறங்கும். கணக்குக்கு மேல் ஒரு ஆள் நின்றாலும் பெல் அடிக்க மாட்டார். கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார், ஒருத்தன் இறங்குகிற வரைக்கும். அந்த வேலையை மகன் ரயிலுக்குக் கொண்டுவந்தான். நாலு பேர் உட்கார்ந்ததும் வொர்க்‌ஷாப் சாவியால் ஜன்னல் கம்பியில் மூன்று தட்டு. ஐந்தாவது ஆள் வந்தால் கையைத் தூக்குவான். அவ்வளவுதான், வந்தவன் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவான்.

புஷ்பவல்லி தசரதனுக்கு நாலு வருசம் மூத்தவள். எட்டாவது வரைக்கும் படித்தாள். தசரதன் ஆறோடு நின்றான். புருசன் பாக்கியராஜ் குடித்தே போய்ச் சேர்ந்தான். மகள் சுமாவை வளர்த்து ஓசூரில் கட்டிக்கொடுத்தது முழுக்க அவள் சம்பாத்தியம். பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸில் காலர் தைத்தாள். ஒரு ஷிப்டில் அவள் தைத்த காலரை இன்னொருத்தி தைக்க ஒன்றரை ஷிப்ட் ஆகும் என்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் காலையில் டிபன் பாக்ஸ் மூடி திறக்க வரவில்லை. விரல்கள் விறைத்துக்கொண்டன. மணிக்கட்டு வீங்கியது. முடக்குவாதம் என்றார் டாக்டர். உடம்பே உடம்பைத் தின்கிற நோவு, சாகிற வரைக்கும் கூட வரும், மாத்திரையால் அடக்கி வைக்கலாம் என்றார்.

மாத்திரை அடக்கியது. ஆனால் முகம் உப்பியது, வயிறு உப்பியது. அறுபத்திரண்டு கிலோ இருந்தவள் நூற்றுப்பன்னிரண்டு ஆனாள். மிஷினிலிருந்து எடுத்து, தைத்த துணியைச் சரிபார்க்கும் மேசையில் நிற்க வைத்தார்கள். எடை கூடக்கூட முட்டி தேய்ந்தது. முட்டி தேயத்தேய நடை குறைந்தது. நடை குறைந்ததும் எடை இன்னும் கூடியது.

போன வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தசரதன் வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"டேய், வெள்ளிக்கிழமை லீவு போடறியா? ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆள் கூட வரணுமாம்."

"இன்னாத்துக்கு?"

"எரைப்பையைச் சின்னது பண்ற ஆபரேஷன். கேட்டுட்டு வரலாம்னு."

தசரதனுக்கு முகம் சுண்டிப்போனது. "வாயைக் கட்டுனா போறாதா? இதுக்கு வயித்தை அறுப்பாங்களா யாராவது? ஊர் சிரிக்கும்க்கா."

அவள் கோபப்படவில்லை. தெருவை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "அதாண்டா சொல்றேன். யாருக்கும் தெரிய வேணாம். கேட்டா பித்தப்பைல கல்லுன்னு சொல்லிடு. சுமாவுக்குக்கூட அப்படித்தான் சொல்லியிருக்கேன். அவ கைக்கொழந்தையை வெச்சிக்கினு வர முடியாது, உன்னைத்தான் கேக்கறேன்."

போனான். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரி. எடை பார்க்கும் மிஷின் மேல் ஏறச் சொன்னதும் புஷ்பவல்லி செருப்பைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள், காதுத் தோட்டையும் கழற்றித் தம்பி கையில் கொடுத்தாள். நர்ஸ் நம்பரை உரக்கச் சொன்னபோது தசரதன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் ஒரு நடுவயசுப் பெண். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"உடனே பண்ண முடியாதும்மா. உங்களுக்கு வாதம் இன்னும் அடங்கல, விரலைப் பாத்தாலே தெரியுது. ஆறு மாசம் அது அமைதியா இருக்கணும். ஸ்டீராய்டை உங்க மூட்டு டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கணும். நீங்களா நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. அந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்குப் புண் ஆற நாளாகும், சீழ் பிடிக்கற பயமும் அதிகம். ஆபரேஷனுக்கு அப்புறம் வலி மாத்திரை இஷ்டத்துக்கு முழுங்க முடியாது. சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. எளைச்சாலும் வாதம் போகாது. முட்டிக்குப் பாரம் கொறையும், அவ்வளவுதான். யோசிச்சீங்களா?"

"யோசிச்சேம்மா."

"எதுக்காகப் பண்ணிக்கணும்னு தோணுச்சு?"

புஷ்பவல்லி மடியில் கையை வைத்துக்கொண்டு விரல் முட்டிகளைத் தடவினாள்.

"ரயில்ல குந்திக்கினு போகணும்மா."

"இப்ப?"

"நின்னுக்கினுதான். போறப்ப ரெண்டு மணி நேரம், வர்றப்ப ரெண்டு மணி நேரம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த முட்டியோடவா? எத்தனை வருசமா?"

"பத்து வருசம் ஆவுதும்மா."

டாக்டர் தசரதன் பக்கம் திரும்பி, "நீங்களும் அதே வண்டிலதான் போறீங்களா?" என்றார். அவன் ஆமாம் என்றான். வேறே எதுவும் கேட்கவில்லை அவர். கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

சாயந்தரம் ஸ்டேஷனில் வண்டிக்காகக் காத்திருந்தபோதுதான் அவன் கேட்டான்.

"காலைல நம்ம ஸ்டேஷன்ல பாதி வண்டி காலியாத்தானே வருது? நீ ஏன் நிக்கற?"

"குந்தினா ரெண்டு ஆள் எடம் போவுது. பங்காருப்பேட்டைல கும்பல் ஏறும்போது 'நகருங்க நகருங்க'ன்னுவாங்க. எங்க நகர்றது? எவனாவது எழுப்பறதுக்கு முன்னாடி நானே நின்னுடறது."

"எங்க பெட்டிக்கு வந்திருக்கலாமே. நான் இல்ல?"

புஷ்பவல்லி அவனை நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"நீதானேடா பெல் அடிக்க மாட்டேன்னே?"

"இன்னா?"

"எனக்கு ஒடம்பு ஊதின புதுசு. உங்க பெஞ்சுல சைலஸ் பக்கத்துல குந்தினேன். நீ கையைத் தூக்கிக்கினு நின்னுட்டே. 'கேஜ் தாங்காது, அக்கா எறங்குனாத்தான் பெல்லு'ன்னே. எல்லாரும் சிரிச்சாங்க."

"அது தமாஷுக்கா."

"ஆமா, தமாஷ்தான். நானும்தான் சிரிச்சேன்." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா எறக்கி விட்ட ஆளு அடுத்த கேஜுல போவான். எனக்கு அடுத்த கேஜு கடைசிப் பெட்டிதான்னு போயிட்டேன்."

தசரதன் அந்த நாளை ஞாபகப்படுத்திப் பார்த்தான். வரவில்லை. வண்டி வந்து, ஏறி, மாலூர் தாண்டும் வரைக்கும் யோசித்தான். அக்கா கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பக்கத்தில் நின்றான். சொல்லியிருப்பான், அதில் சந்தேகமில்லை. எத்தனையோ பேரிடம் சொன்னதுதான். ஆனால் அவளிடம் சொன்ன அந்த ஒரு காலை அவனுக்குள் எங்கேயும் இல்லை. அவளுக்குப் பத்து வருசம் இருந்தது அவனுக்கு ஒரு நாள்கூட இல்லை என்பதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

திங்கட்கிழமை தன் பெட்டியைத் தாண்டிக் கடைசிப் பெட்டிக்கு நடந்தான். "குரு, எங்கே போற? இங்கே!" என்று சைலஸ் ஜன்னல் வழியாகக் கத்தினான். திரும்பவில்லை.

"உன் பெட்டிக்குப் போடா," என்றாள் புஷ்பவல்லி.

"சும்னே இரு, பேசாதே." அவள் தோளைப் பிடித்து ஒரு பெஞ்சில் உட்கார வைத்தான். பக்கத்தில் தானும் உட்கார்ந்து இடம் மறித்தான்.

பங்காருப்பேட்டையில் கும்பல் ஏறியது. பை மாட்டிய ஒரு ஆள் கன்னடம் கலந்த தமிழில், "ஏனம்மா, ஸ்வல்ப நகருங்க, நாலு பேரு சீட்டு இது," என்றான். புஷ்பவல்லி எழுந்திருக்கப் பார்த்தாள். தசரதன் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

"எங்கேய்யா நகர்றது? கண்ணு தெரியலையா?"

"வழக்கத்தைச் சொன்னேம்பா. இதுக்குப் போய்..."

"அவங்களுக்கு ஒடம்பு சரியில்ல! அடுத்த வருசம் வயித்தை வெட்டி எளைக்கற ஆபரேஷன் பண்ணப்போறாங்க, தெரியுமா? அதுவரைக்கும் குந்தட்டும்!"

பித்தப்பைக் கல் என்று நம்பியிருந்த, அவளோடு வேலை செய்கிற இரண்டு பெண்களும் எதிர் பெஞ்சில்தான் இருந்தார்கள். ஒருத்தி மற்றவளைப் பார்த்தாள்.

புஷ்பவல்லி மாலூரில் வண்டி நின்றதும் இறங்கிவிட்டாள். அவன் பின்னால் ஓடினான்.

"அக்காவ், நில்லு. உனக்காகத்தானே..."

"அன்னைக்கு ஒரு பெட்டில எழுப்பி விட்டே. இன்னைக்கு இன்னொரு பெட்டில. இனி எனக்கு எந்தப் பெட்டிடா இருக்கு?" சத்தம் போடவில்லை. "நீ போ. லேட்டாவுது."

பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் என்று ஒருத்தரைக் கேட்டுக்கொண்டு, முட்டியை அழுத்தி அழுத்தி நடந்து போனாள். தசரதன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பிளாட்பாரத்தில் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினான். மறுபடியும் கழுவினான். ஐம்பது வயசு ஆள் அழுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

ஒரு வாரம் அவள் பஸ்ஸில் போனாள். அப்புறம் மறுபடியும் ரயிலுக்கு வந்தாள். அவன் கடைசிப் பெட்டிக்கே போனான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. யாரையும் மறிக்கவில்லை. அவள் கதவோரம் நின்றால் அவனும் நின்றான். அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். இரண்டு மணி நேரம் நின்றால் இடுப்பில் எப்படி வலி இறங்கும் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, அதுவும் நல்ல முட்டியோடு. மூன்றாவது வாரம் அவளே கேட்டாள்: "தண்ணி வெச்சிருக்கியா?" அதுதான் முதல் பேச்சு. எதிர் பெஞ்சுப் பெண்களில் ஒருத்தி ஒருநாள் எழுந்து, "அக்கா, மாலூர் வரைக்கும் நான் நிக்கறேன், நீங்க குந்துங்க," என்றாள். புஷ்பவல்லி தம்பியைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். உட்கார்ந்தாள்.

ஆறு மாசம் என்றது எட்டு மாசமானது. நடுவில் ஒரு தரம் வாதம் கிளம்பி மணிக்கட்டு வீங்கியது, மாத்திரை மறுபடியும் ஏறியது. "உட்டுடலாமாக்கா?" என்று அவன் கேட்டான். "உடறதா? இவ்ளோ நாள் நின்னதுக்கு?" என்றாள். கடைசியில் மூட்டு டாக்டர் ஆபரேஷன் பண்ணலாம் என்று கடிதம் கொடுத்தார். ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் வெறும் கஞ்சியும் மோரும். லைனில் யாராவது கேட்டால் அவளே சொன்னாள்: "எரைப்பை ஆபரேஷன்." கல் என்று சொல்வதை விட்டுவிட்டாள். அந்த ஒரு பொய்யை உடைத்தவன் அவன்தான். அதற்கு அவள் நன்றியும் சொல்லவில்லை, மறுபடி திட்டவும் இல்லை.

ஆபரேஷன் அன்று காலையில் தோட்டையும் வளையலையும் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். "பத்திரம்," என்றாள். தள்ளுகட்டிலில் படுக்க வைத்து லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளுகிறவர்கள் இரண்டு பேர், ஒரு நர்ஸ், கால்மாட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர். பின்னாலேயே தசரதனும் ஏறினான்.

லிஃப்ட் கதவு மூடவில்லை. தலைக்கு மேல் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. பாரம் அதிகம்.

நர்ஸ் கட்டிலைப் பார்த்தாள். தள்ளுகிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, அப்புறம் கட்டிலைப் பார்த்தார்கள். புஷ்பவல்லி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அந்த முகத்தை அவன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அல்லது பார்த்திருந்தான், பத்து வருசத்துக்கு முன்னால், சிரித்துக்கொண்டே.

"நான்தாங்க அதிகம்," என்றான். "நான் எறங்கிக்கறேன்."

இறங்கினான். கத்தல் நின்றது. கதவு மூடுவதற்குள் புஷ்பவல்லி கண்ணைத் திறந்து, தலையைத் தூக்க முடியாமல் பக்கவாட்டில் திருப்பி அவனைத் தேடினாள். அவன் கை தன்னால் சட்டைப்பையில் இருந்த வொர்க்‌ஷாப் சாவிக்குப் போனது.

"டேய், தசரதா," என்றாள். "ஆளு ஏறியாச்சு. மூணு பெல் அடிடா."