தேவதாருவின் கிளையும் எங்கள் சமையலறையும்

எண்பதுகளில் சித்தேரி மலையில் ஒரு அரசு பங்களாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு அது பெரிய உத்தியோகம். தோட்டத்தில் வெள்ளைக்கார துரை யாரோ வைத்துவிட்டுப் போன தேவதாரு ஒன்று நின்றது. அதன் பெரிய கிளை, தோட்டத்து மூலையில் எங்களுக்குக் கொடுத்திருந்த வீட்டின் சமையலறை ஓட்டுக்கு மேலே நீண்டிருந்தது. காற்றடித்தால் முனகும். மனைவி சமைத்து முடிக்கும்வரை வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன், நான் பார்த்தால் விழாது என்பது போல.

"கிளைய நீங்க பாத்துக்கிட்டு நில்லுங்க, தண்ணிய யாரு எடுத்தாறது?" என்பாள்.

வெட்டச் சொல்லி நான் கேட்காத அதிகாரி இல்லை. எல்லோரும் "பார்க்கலாம்" என்றார்கள். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஒருநாள் அரூரிலிருந்து ஜீப்பில் ஒரு அதிகாரியும் கிளார்க்கும் வந்தார்கள். அரிய பழைய மரங்களைப் பதிவு செய்கிறார்களாம். கிளைக்கு இன்றோடு முடிவு என்று பின்னாலேயே நடந்தேன்.

சுற்றளவை நெஞ்சு உயரத்தில் அளக்க வேண்டுமாம். கிளார்க் தன் நெஞ்சுக்கு நேராக டேப்பைச் சுற்றினார்.

"யோவ், அது என் தொப்புள்யா" என்றார் அதிகாரி.

எவர் நெஞ்சு என்று அவர்கள் கொண்டுவந்த தாளில் இல்லை. கிளார்க் யோசித்து, "பதவிப்படி உங்க நெஞ்சுதாங்க சார்" என்று நுனிக்காலில் எக்கி நின்று அளந்தார்.

அடுத்து, மரத்தின் விரிவு. கிளை நுனி எங்கள் கூரைமேல் இருந்ததால் டேப்போடு என்னை ஓட்டின்மேல் ஏற்றினார்கள். கிளை நுனிக்கு நேராக டேப்பைப் பிடித்தேன். அங்கிருந்தபடியே கேட்டுவிட்டேன்.

"அய்யா, இந்தக் கிளைய வெட்டிட்டா எங்க வூடு தப்பிக்குங்க."

அதிகாரி கிளார்க்கிடம் திரும்பினார். "அளவ எழுதிட்டியா?"

"எழுதிட்டனுங்க சார்."

"அப்ப வெட்ட முடியாது. வெட்டுனா பதிவு தப்பாயிடும்."

"வூட்டு மேல வுழுந்துட்டா சார்?"

அப்போதுதான் அவர் வீட்டைப் பார்த்தார். ஓட்டு இடுக்கில் அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது.

"அரிய மரத்துக்குக் கீழ எவன்யா வூடு கட்டுனது?"

"கவர்மெண்டுதாங்க."

அதை அவர் எழுதச் சொல்லவில்லை.

அடுத்த மாதமே ஆட்கள் வந்தார்கள். எங்கள் விஷயத்தில் அரசு அவ்வளவு வேகமாக நடந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. புகையால் மரத்துக்கு ஆபத்து என்று சமையலறையை இடித்துவிட்டுப் போனார்கள். கிளையை ஒருவரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு வெட்டவெளியில் மூன்று கல் வைத்துச் சமைத்தோம். மழை வந்தால் நான் குடை பிடிப்பேன்.

"இனிமே யாராவது அளக்க வந்தா வாயத் தொறக்காதீங்க," என்றாள் மனைவி. "படுக்கிற ரூமாவது மிஞ்சட்டும்."